போகாத ஊருக்கு வழி

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். இது இலக்கியம் பற்றிய கடிதம் இல்லை, மன்னிக்கவும்.

எனக்கு நெல்லிக்குப்பம் பக்கம். அப்பா கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூவில் வேலை செய்கிறேன். இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் அகடமிக் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதினேன். லிசனிங் 7, ரீடிங் 6.5, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 6. எனக்குத் தேவை ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7.

வார இறுதியில் கோச்சிங் போனேன். கட்டுரைக்கு டெம்ப்ளேட் கொடுத்தார்கள், எந்தத் தலைப்புக்கும் போடலாம் என்று முன்பே எழுதி வைத்த வாக்கியங்கள். ஸ்பீக்கிங்குக்கும் விடைகள் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பரீட்சையில் 'நீங்கள் விரும்பிப் போகும் ஓர் இடம்' என்று கார்டு வந்தது. கொடுத்திருந்த ஊட்டி விடையைச் சொன்னேன். நான் ஊட்டிக்குப் போனதே இல்லை சார். ஆரம்பம் நன்றாகத்தான் போனது. நடுவில் ஒரு வரி மறந்தது, அதோடு எல்லாமே மறந்துவிட்டது. கடைசியில் தேர்வாளர், "அங்கே யாரோடு போவீர்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

தமிழ் மீடியத்தில் படித்ததுதான் காரணம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். கட்டணம் கிட்டத்தட்ட என் ஒரு மாதச் சம்பளம். மறுபடி எழுதலாமா, விட்டுவிடலாமா? முதியோர் இல்லங்கள் பற்றி எழுதிப் பார்த்த ஒரு பயிற்சிக் கட்டுரையையும் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

ச.

அன்புள்ள ச.,

விட்டுவிட வேண்டாம். உங்கள் நான்கு மதிப்பெண்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிசனிங்கில் 7 எடுத்திருக்கிறீர்கள். நாற்பது கேள்வியில் ஏறக்குறைய முப்பதுக்குச் சரியாக எழுதினால்தான் அது கிடைக்கும். ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், அமெரிக்கர் என்று பலவிதமான பேச்சு வரும். அடுத்து என்ன பேசப்போகிறார்கள் என்று எந்த கோச்சிங்கும் முன்கூட்டிச் சொல்லித் தர முடியாது. மனப்பாடத்துக்கு இடமே இல்லாத பகுதியில் நீங்கள் அதிகம் எடுத்திருக்கிறீர்கள். மனப்பாடம் செய்துகொண்டு போன இரண்டில்தான் குறைந்திருக்கிறது. தமிழ் மீடியம்தான் காரணம் என்றால் முதலில் காது அல்லவா கைவிட்டிருக்க வேண்டும்?

நான் கடலூரில் பல வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நம் பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைடில் இருக்கும் பாராகிராஃபையும் எஸ்ஸேயையும் ஒரு வரி விடாமல் ஒப்பித்து எழுதினால் போதும். இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகளும் அதையேதான் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். கேள்வி புத்தகத்திலிருந்தே வரும்போது பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? பன்னிரண்டு வருடம் அந்தப் பழக்கத்துக்குப் பரிசு கொடுத்துவிட்டு, திடீரென்று 'நீ நினைப்பதைச் சொல்' என்று கேட்கும் ஒரு பரீட்சையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அங்கே தடுமாறுகிற பிள்ளையிடம் 'உனக்கு இங்கிலீஷ் வராது' என்றும் சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

ஸ்பீக்கிங் பரீட்சை மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் வீடு, வேலை, ஊர் என்று பழகிய விஷயங்கள். இரண்டாவதில் கார்டைக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விடுவார்கள், பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் நீங்களே பேச வேண்டும். மூன்றாவது பகுதி அதே விஷயத்தை ஒட்டிய பொதுவான உரையாடல். தடங்கலில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை. நீங்கள் சொன்ன தகவல் உண்மையா என்பது அதில் கிடையாது. ஆகவே ஊட்டிக்குப் போகாமல் ஊட்டியைப் பற்றிப் பேசியதால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. போகாத ஊருக்கு வழி சொல்லும்போது அடுத்த திருப்பம் நமக்கே தெரியாது, அதுதான் சிக்கல். ஒரு வரி நழுவினால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்காது. அதோடு, இரண்டு நிமிடம் மளமளவென்று போன பேச்சு ஒரு சின்னக் கேள்வியில் உடைந்தால், இது மனப்பாடம் என்று பயிற்சி பெற்ற தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

நெல்லிக்குப்பத்துப் பெண் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போகாமல் வளர்ந்திருக்க முடியாது. யாரோடு போனீர்கள், என்ன வாங்கிச் சாப்பிட்டீர்கள், எந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, இதில் எதைக் கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்கிறது. பக்கத்திலேயே கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்தருகே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1690-ல் ஆங்கிலேயர் அதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது சில வருடம் சோழமண்டலக் கரை முழுவதற்கும் ஆங்கிலேயரின் தலைமையிடமே இங்கேதான் இருந்தது. நம் கடற்கரையில் ஆங்கிலம் காதில் விழுந்து முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதை நினைத்தாலே கொஞ்சம் பயம் குறையும்.

'வானிலையால் உங்கள் திட்டம் மாறிய ஒரு சமயம்' என்று கார்டு வந்தால்? 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது, எத்தனையோ நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது, உங்கள் வீட்டில் அந்த ராத்திரி எப்படிப் போனது, இதையெல்லாம் சொல்ல யார் எழுதிக்கொடுக்க வேண்டும்? இப்படி உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு பத்து சங்கதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதர், ஓர் இடம், ஒரு பொருள், ஒரு சண்டை, ஒரு பயணம், இப்படி. போனில் ரெக்கார்டரைப் போட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். திரும்பக் கேட்டு, எங்கே நின்றீர்கள், எந்தச் சொல் கிடைக்கவில்லை என்று மட்டும் பாருங்கள். அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டு அதே விஷயத்தை மறுபடி பேசுங்கள். ஒவ்வொரு தடவையும் வாக்கியங்கள் வேறு மாதிரி வரும். வர வேண்டும்.

வீட்டில் இங்கிலீஷ் பேச ஆள் இருக்காது, வெளியே பேசினால் சிரிப்பார்கள். ஆனால் புதுச்சேரி மருத்துவமனைகளில் கேரளத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்களில் பலர் இதே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள். ஒருவரைப் பிடியுங்கள். டியூட்டி முடிந்து பத்து நிமிடம் போதும்.

தமிழ்ப் பேச்சின் சாயலுக்கு மதிப்பெண் குறையாது, கேட்பவருக்குப் புரிந்தால் சரி. வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்றிப் பழக வேண்டாம். பெட், பஸ் போன்ற சொற்களின் கடைசியில் நாம் ஒட்டிக்கொள்ளும் 'உ'வை விடுவதும், பி, எஃப் ஒலிகளைப் பிரித்துச் சொல்வதும் பெரும்பாலும் போதும்.

உங்கள் கட்டுரையைப் படித்தேன். முதல் பத்தி 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கி நாலு வாக்கியம் போகிறது. முதியோர் என்ற சொல்லே அதில் இல்லை. அதைத் தூக்கிப் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிய கட்டுரையின் தலையில் வைத்தாலும் பொருந்தும். குறைந்தது 250 சொல் எழுத வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட நூறு சொல் இப்படிப் போய்விட்டால் உங்கள் கருத்துக்கு எங்கே இடம்? ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் தினமும் ராத்திரி போன் செய்து, போனை அப்பாவின் காதருகே பிடிக்கச் சொல்லிக் கேட்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் வினைச்சொல்லின் காலம் தவறு, ஒரு 'தி' விடுபட்டிருக்கிறது. இருந்தாலும் கட்டுரை முழுவதிலும் உங்களுடையது அந்த ஒரு வாக்கியம்தான், அங்கேதான் வாதமும் இருக்கிறது. பிள்ளைகள் தூரத்தில் இருப்பதாலேயே பாசம் இல்லை என்றாகிவிடாது என்று அதிலிருந்து நீங்கள் கொண்டுபோயிருக்கலாம். டெம்ப்ளேட் உங்களை அந்தப் பக்கம் போக விடவில்லை.

கேள்வியைப் பார்த்ததும் ஐந்து நிமிடம் தமிழிலேயே யோசியுங்கள். நான் என்ன நினைக்கிறேன், ஏன், எங்கே பார்த்தேன். அது முடிவான பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டே பிழைகளைத் தேடுங்கள்: விடுபட்ட 'ஏ', 'தி', அப்புறம் வினையின் காலம். நீங்கள் அனுப்பிய கட்டுரையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வகைதான். ரைட்டிங்கில் இரண்டு டாஸ்க், மொத்தம் ஒரு மணி நேரம். அதில் இரண்டாவதான கட்டுரைக்கு நாற்பது நிமிடம் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், முதல் டாஸ்க்கைவிட அதற்கு இரண்டு மடங்கு மதிப்பு.

முதல் டாஸ்க்கில் வரைபடம் கொடுத்து குறைந்தது 150 சொல்லில் விவரிக்கச் சொல்கிறார்கள். காலையில் டியூட்டி மாறும்போது நோயாளியின் காய்ச்சல், நாடி, மூச்சு குறித்த டிபிஆர் சார்ட்டைப் பார்த்து அடுத்த நர்சிடம் ஹேண்ட் ஓவர் கொடுக்கிறீர்களே, அதே வேலைதான். மணிக்கு மணி எண்களை அடுக்க மாட்டீர்கள். 'ராத்திரி முழுக்க ஸ்டேபிள், இரண்டு மணிக்கு மட்டும் பிபி இறங்கியது' என்று முதலில் மொத்த நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் விவரத்துக்குப் போவீர்கள். அந்த மொத்தக் கணிப்பு இல்லாத விடைக்கு அங்கே மதிப்பெண் ஏறாது.

ரீடிங்கில் அரைப் புள்ளிதான் குறை. 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' (பத்தியின்படி சரி, தவறு, பத்தியில் சொல்லப்படவில்லை) கேள்விகளில் எத்தனை தவறவிடுகிறீர்கள் என்று பயிற்சித் தாள்களில் எண்ணிப் பாருங்கள். மருத்துவம் பற்றிய பத்தி வந்தால் நர்சுக்கு விடை முன்பே தெரிந்திருக்கும், பத்தியில் இல்லாததையும் ட்ரூ என்று போட்டுவிடுவார். பத்தி என்ன சொல்கிறது என்பது மட்டும்தான் அங்கே கணக்கு.

இன்னொரு வழியும் இருக்கிறது. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சில் ஓஇடி பரீட்சையையும் ஏற்கிறது. ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங்கில் பி, ரைட்டிங்கில் சி பிளஸ் வேண்டும். அது மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள பரீட்சை. ரைட்டிங்கில் ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸ் கொடுத்து, நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பும் கடிதம் மாதிரி ஒன்றை 45 நிமிடத்தில் எழுதச் சொல்வார்கள். ஸ்பீக்கிங்கில் நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது உறவினர், ஐந்தைந்து நிமிடமாக இரண்டு உரையாடல். நீங்கள் தினமும் செய்கிற வேலை. ஆனால் கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அதிகம், அதற்கும் டெம்ப்ளேட் விற்கிறார்கள். இரண்டிலும் ஒரு மாதிரித் தாளை நேரம் வைத்து எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போதே தேதி போட்டுவிடாதீர்கள், ஒரு மாதச் சம்பளம் சின்னப் பணம் இல்லை. டெம்ப்ளேட் இல்லாமல் நான்கைந்து கட்டுரைகள் எழுதி எனக்கு அனுப்புங்கள். படித்துத் திருத்தி அனுப்புகிறேன். அவற்றைப் பார்த்துவிட்டுத் தேதியைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.

அன்புடன்