பள்ளிப்பட்டுப் பக்கம் ஓராசிரியர் பள்ளியில் வாரம் இரண்டு நாள் பாடம் சொல்லித்தர நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர் இருவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முழு வகுப்பையும் கையில் எடுக்க வேண்டாம். ஆறேழு பிள்ளைகள், நாற்பது நிமிடம், வராந்தா போதும்.

பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள். வாசிக்கும் நிலைதான் கணக்கு. தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவை ஆசிரியரிடம் கேட்டு அதையே பின்பற்றுங்கள். பாடத்தை ஒப்பித்துவிட்டு வாசித்ததாகக் காட்டும் பிள்ளைகள் நிறைய. வரியின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

இந்த ஆந்திர எல்லையில் பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. கோழிக்கும் (kōḍi) சுவருக்கும் (gōḍa) தெலுங்கில் சொல்லும் சொற்களின் முதல் ஒலி வெவ்வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'கோ'தான். அதனால் ஒரே எழுத்து இரண்டு விதமாக ஒலிப்பது குழப்புகிறது. விதி சொல்லாதீர்கள். கல்–பகல், பல்–தம்பி, தலை–பந்து என்று ஜோடியாகச் சத்தமாக வாசிக்க விடுங்கள், காது பிடித்துக்கொள்ளும். தெலுங்கில் ழகரம் இல்லை. 'மளை' என்றால் திட்டாமல் நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள். வீட்டு மொழியைத் தடுத்தால் பிள்ளை வாயையே திறக்காது. அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது.

கணக்கில் 42-17க்கு 35 என்று எழுதுவார்கள், இரண்டு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதால். நூறு ஈர்க்குச்சி, பத்து ரப்பர் பேண்ட் கொண்டுபோங்கள். 42 என்றால் பத்துப் பத்தாக நான்கு கட்டு, இரண்டு உதிரி. ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்கட்டும்: உதிரி 12, அதில் 7 போனால் 5. மீதிக் கட்டு மூன்றில் ஒன்று போனால் இரண்டு. குச்சியில் நன்றாக வந்தபிறகே நோட்டு.

தன்னார்வலர் திடீரென்று நின்றுபோவதுதான் பெரும்பாலும் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஒரு குழுவுக்கு இருவர் பொறுப்பேற்று, யார் எதுவரை வந்தார்கள் என்று ஒரே நோட்டில் எழுதி, அதைப் பள்ளியிலேயே வையுங்கள்.