ஐகானைத் தட்டினால் சாண்ட்பாக்ஸ், லிங்க்கைத் தட்டினால் வெளியே: லாஞ்சரில் என்ன கோளாறு?

கேள்வி: லினக்ஸில் ஃபயர்ஜெயில் (நிரலை சாண்ட்பாக்ஸ் என்ற தனிக் கூண்டுக்குள் ஓட்டும் கருவி) நிறுவி, ஃபயர்ஃபாக்ஸ் அதற்குள் ஓடும்படி மெனு ஐகானை மாற்றினேன். மெனுவிலிருந்து திறந்தால் சரியாக ஓடுகிறது. மெயிலில் வரும் லிங்க்கைத் தட்டினால் சாண்ட்பாக்ஸ் இல்லாமல் திறக்கிறது. இன்னொரு தொல்லை, டவுன்லோட் செய்த ஃபைல்கள் பிரவுசரை மூடியதும் காணாமல் போகின்றன. எங்கே தவறு?

பதில்: நீங்கள் ஒரு கதவைப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு வேறு கதவே இல்லை என்று நினைத்துக்கொண்டீர்கள். பிரவுசரைத் திறக்க மெனு ஐகான், கீழ்ப்பட்டையில் பின் செய்த ஐகான், அதை வலது கிளிக் செய்தால் வரும் 'புதிய சாளரம்', மெயிலில் இருக்கும் லிங்க், டெர்மினல் என்று பல வழிகள் உண்டு. நீங்கள் மாற்றியது ஒன்றைத்தான். உங்கள் ஃபயர்ஜெயில் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, கோளாறு லாஞ்சரில், அதாவது நிரலைத் திறந்துவிடும் ஐகான், கட்டளைகளில் இருக்கிறது. (கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.)

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியாகவோ ஃபிளாட்பேக்காகவோ (நிரல்களைப் பொதி கட்டித் தரும் இரண்டு முறைகள்) வந்ததா? உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. டெர்மினலில் 'ஸ்னாப் லிஸ்ட்' என்று அடித்துப் பாருங்கள். அந்தப் பட்டியலில் ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் ஃபயர்ஜெயிலை மேலே போர்த்திப் பயனில்லை. ஸ்னாப்புக்கும் ஃபிளாட்பேக்குக்கும் சொந்தக் கூண்டு உண்டு, அனுமதிகளை அங்கேதான் குறைக்க வேண்டும். உங்களுக்கு மெனுவிலிருந்து சரியாக ஓடுகிறது என்பதால், சாதாரணப் பொதிதான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

மெனு ஐகான் என்பது 'டாட் டெஸ்க்டாப்' என்று முடியும் ஓர் உரை ஃபைல். பொதுவானவை 'யுஎஸ்ஆர்' ஃபோல்டருக்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். அதை அங்கேயே திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் போய்விடும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'டாட் லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்'. அங்கே அதே பெயரில் ஒரு நகல் வையுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் உங்கள் நகலுக்கே முன்னுரிமை, அசல் கண்ணில் படாது. பெயரை மாற்றினால் அது தனி ஐகானாகிவிடும், பின் செய்த பழைய ஐகான் பழைய வழியிலேயே திறக்கும். நானே இப்படிப் புதுப் பெயரில் ஒன்று செய்துவிட்டு, பழக்க தோஷத்தில் பழைய ஐகானையே தட்டிக்கொண்டு, கூண்டுக்குள் இருப்பதாகச் சில வாரம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

நகலைத் திறந்து 'எக்ஸெக்' என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். வரி அல்ல, வரிகள். மேலே ஒன்று இருக்கும். கீழே புதிய சாளரத்துக்கு ஒன்று, பிரைவேட் சாளரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். பெரும்பாலானோர் மேலே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் சமக்குறிக்கு அடுத்து 'ஃபயர்ஜெயில்' என்று சேர்த்து, ஓர் இடம் விட்டு, ஃபயர்ஃபாக்ஸின் முழுப் பாதையை எழுதுங்கள். கடைசியில் சதவீதக் குறியோடு நிற்கும் 'யு' என்ற எழுத்தை அழித்துவிடாதீர்கள். நீங்கள் தட்டிய லிங்க் வந்து உட்காரும் இடம் அதுதான். அதை எடுத்துவிட்டால் பிரவுசர் திறக்கும், பக்கம் வராது. இந்த வரி ஷெல் (டெர்மினல் கட்டளைகளைப் படிக்கும் நிரல்) வழியாகப் போவதில்லை என்பதால் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் அலைக்குறி இங்கே செல்லாது, எந்தப் பாதையையும் முழுதாகவே எழுதுங்கள். 'டிபஸ் ஆக்டிவேட்டபிள்' என்று ஒரு வரி இருந்து அதில் 'ட்ரூ' என்றிருந்தால் 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் டெஸ்க்டாப் எக்ஸெக் வரியைப் பார்க்காமலே நிரலைக் கிளப்பிவிடலாம்.

டெர்மினல் வழிக்கும், முழுப் பாதை சொல்லாமல் வெறும் பெயரால் பிரவுசரை அழைக்கும் நிரல்களுக்கும் ஒரு சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) போதும். 'யுஎஸ்ஆர், லோக்கல், பின்' ஃபோல்டரில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில், ஃபயர்ஜெயிலைச் சுட்டும்படி ஒன்று செய்யுங்கள். வழக்கமான அமைப்பில் அந்த ஃபோல்டர்தான் முதலில் தேடப்படும். 'ஃபயர்சிஎஃப்ஜி' என்ற கருவி இதைத் தானாகச் செய்யும், ஆனால் தனக்குத் தெரிந்த எல்லா நிரல்களுக்கும் சேர்த்துச் செய்துவிடும். பிடிஎஃப் ரீடர் முதல் வீடியோ பிளேயர் வரை ஒரே நாளில் கூண்டில் அடைத்துவிட்டு, எது ஏன் உடைந்தது என்று தேடுவது வீண் வேலை. பிரவுசருக்கு மட்டும் கையால் செய்யுங்கள்.

இனி மெயில் லிங்க். இயல்பு பிரவுசராக உங்கள் நகலின் பெயரே பதிவாகியிருக்கிறதா என்று 'எக்ஸ்டிஜி செட்டிங்ஸ்' கட்டளையால் பாருங்கள். அது சரியாக இருந்தும் லிங்க் வெளியே திறக்கிறது என்றால் காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. ஃபயர்ஃபாக்ஸ் தொடங்கும்போது, அதே ப்ரொஃபைலில் (உங்கள் அமைப்புகள் இருக்கும் தொகுப்பு) இன்னொரு ஃபயர்ஃபாக்ஸ் ஓடுகிறதா என்று பார்க்கும். ஓடினால் லிங்க்கை அதனிடம் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். ஆக, சாண்ட்பாக்ஸ் இல்லாத ஒரு சாளரம் ஏற்கெனவே திறந்திருந்தால், கூண்டுக்குள் பிறந்தது லிங்க்கை வெளியே நீட்டிவிட்டுச் செத்துப்போகும். எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டு மறுபடி முயன்று பாருங்கள், பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

இதற்கு 'நோ ரிமோட்' என்ற சுவிட்சை (கட்டளையோடு இரண்டு கோடு போட்டுச் சேர்க்கும் தேர்வு) சேர்க்கச் சொல்வார்கள். யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றாட பிரவுசரில் சேர்த்தால், இரண்டாவது லிங்க்கைத் தட்டும்போது ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்று செய்தி வந்து நின்றுவிடும், ப்ரொஃபைல் பூட்டப்பட்டிருக்கும் அல்லவா? ஒவ்வொரு முறையும் புதிய ஹோமோடு பிறந்து, மூடியதும் அழியும் தற்காலிக பிரவுசருக்குத்தான் அது பொருந்தும்.

உங்கள் டவுன்லோட் மாயமும் அந்தத் தற்காலிக ஹோமிலிருந்துதான் வருகிறது. எக்ஸெக் வரியில் 'பிரைவேட்' என்ற சுவிட்சைப் போட்டிருப்பீர்கள். அது நினைவகத்தில் ஒரு வெற்று ஹோம் ஃபோல்டரை உண்டாக்கி, மூடும்போது அப்படியே துடைத்துவிடும். அதன் வேலையே அதுதான். அதை எடுத்துவிட்டால் ஃபயர்ஜெயிலோடு வரும் ஃபயர்ஃபாக்ஸ் விதிகள் நடப்புக்கு வரும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் பிரவுசரின் சொந்த அமைப்புகளும் கிடைக்கும், ஹோமில் இருக்கும் உங்கள் மற்ற ஃபைல்கள் தெரியாது. வங்கிக்கென்று தனி பிரவுசர் வேண்டும் என்றால் 'பிரைவேட்' சுவிட்சுக்குப் பின் சமக்குறி போட்டு ஒரு ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுங்கள். அந்த ஃபோல்டரே அதற்கு ஹோம், அதில் இறங்குவது அங்கேயே நிலைத்திருக்கும். ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள்.

அப்புறம், டாக்குமென்ட்ஸில் இருக்கும் ஃபைலை எங்காவது அப்லோட் செய்யப் போனால் ஃபோல்டரே தென்படாது. பதறாதீர்கள், ஃபைலை டவுன்லோட்ஸுக்கு நகலெடுத்து அனுப்புங்கள். அந்த ஒரு வசதிக்காக ஹோம் முழுவதையும் திறந்துவிட்டால் கூண்டு எதற்கு? நிரந்தர விதிமாற்றம் தேவைப்பட்டால், ஹோமில் 'டாட் கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் உள்ள ஃபயர்ஜெயில் ஃபோல்டரில் 'ஃபயர்ஃபாக்ஸ் டாட் லோக்கல்' என்ற ஃபைலில் எழுதுங்கள். அப்டேட் அதைத் தொடாது.

ஃபயர்ஜெயில் எதையெல்லாம் காக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு தொடங்கும் நிரல், அதிலேயே ஓட்டை வந்தால் ஆபத்து பெரிது. 2022-ல் அப்படி ஒன்று வெளியாகி, 0.9.70 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. அதைவிடப் பழையது வைத்திருந்தால் முதலில் அப்டேட் செய்யுங்கள். எக்ஸ்11-ல் (சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பு) ஓடும் நிரல்கள் ஒன்றின் விசைத்தட்டலை இன்னொன்று பார்க்க முடியும், அதற்குப் பதிலாக வந்த வேலேண்டுக்கு மாற வழியிருந்தால் மாறுங்கள். குரோமியம் பிரவுசரில் ஏதாவது மக்கர் செய்கிறது என்று 'நோ சாண்ட்பாக்ஸ்' சுவிட்சைப் போடாதீர்கள். அது பிரவுசரின் சொந்தக் காவலையே கழற்றிவிடும், ஃபயர்ஜெயில் அதற்கு ஈடாகாது.

எல்லாம் முடிந்ததும் பிரவுசரைத் திறக்கும் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எல்லாவற்றையும் மூடுங்கள், ஒரு வழியில் திறங்கள், டெர்மினலில் 'ஃபயர்ஜெயில்' என்பதோடு இரண்டு கோடு போட்டு 'லிஸ்ட்' என்று அடியுங்கள். பட்டியலில் பிரவுசர் இருக்க வேண்டும். முகவரிப் பட்டையில் 'ஃபைல்', ஒரு முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடு, அதன்பின் உங்கள் ஹோம் பாதை என்று கொடுத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. உங்கள் ஃபைல்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தால் நீங்கள் வெளியே இருக்கிறீர்கள். ஐகானைத் தட்டியும் ஒன்றுமே திறக்கவில்லை என்றால், எக்ஸெக் வரியில் சமக்குறிக்குப் பின் இருப்பதை, அந்த சதவீத 'யு'வை மட்டும் விட்டுவிட்டு, டெர்மினலில் ஒட்டி ஓட்டுங்கள். எந்தச் சொல் தவறு என்று அங்கே செய்தி வரும்.