சைக்கிள் பக்கம்: வீராணம் சுற்றலாம், வாங்க

கடல் எல்லோருக்கும் அலுத்துவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் எல்லாம் ஏரியும் ஆறும்தான்.

கேள்வி: ரோடு பைக் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஈ.சி.ஆர். தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே எழுபது எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட, இந்தப் பக்கம் ஏதாவது பாதை உண்டா? (கடலூர் வாசகர்)

பதில்: இருக்கிறது. சிதம்பரத்தில் கிளம்பிச் சிதம்பரத்திலேயே முடியும் வீராணம் ஏரிச் சுற்று. சிதம்பரம், குமராட்சி, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், மறுபடி லால்பேட்டை, அங்கிருந்து ஏரிக்கரையோடு வடக்கே சேத்தியாத்தோப்பு, பிறகு புவனகிரி வழியாக வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம். எல்லாம் சேர்த்து 70 கிலோமீட்டரை ஒட்டி வரும். மேடு என்று சொல்ல ஒரு பாலம் கூடப் பெரிதாக இல்லை.

காட்டுமன்னார்கோயிலுக்குப் போகாமல் லால்பேட்டையிலேயே வலப்பக்கம் திரும்பிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் நான்கைந்து கிலோமீட்டரை மிச்சம் பிடிக்க அந்த ஊரை விடாதீர்கள் என்பேன். வீரநாராயணப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது, வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர் அது, அப்புறம் பக்கத்தில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில்தான் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. ஓட்டிவந்த உடையோடு உள்ளே போகச் சங்கடமாக இருந்தால் பையில் ஒரு வேட்டி வைத்துக்கொள்ளுங்கள், எடையே தெரியாது.

இந்தச் சுற்றின் உயிர் லால்பேட்டைக்கும் சேத்தியாத்தோப்புக்கும் நடுவே உள்ள கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர்தான். முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய ஏரி. கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. அதனால்தான் தெற்கிலிருந்து வடக்கே போகச் சொல்கிறேன். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அப்படிப் போனால் ஏரி உங்கள் கைக்குப் பக்கத்திலேயே வரும், வலப்பக்கம் தாழ்வாக வயல்கள், நடுநடுவே மதகுகள். எதிர்த்திசையில் போனால் ஏரியைப் பார்க்கச் சாலையின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும், எட்டிப் பார்ப்பவன் எதிரே வரும் டிராக்டரைப் பார்க்கமாட்டான்.

நேரம் முக்கியம். விடிவதற்குள் கிளம்புங்கள், ஒன்பது மணிக்குள் சேத்தியாத்தோப்பைத் தாண்டிவிடுங்கள். டெல்டாவில் மலை கிடையாது, அந்த வேலையைக் காற்று செய்யும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிழக்கிலிருந்து கிளம்பி உள்ளே வரும், நீங்களோ அப்போது கிழக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருப்பீர்கள், புவனகிரிச் சாலையில் முகத்தில் அடிக்கும். ஆடி மாதம் என்றால் கதை தலைகீழ்: போகும்போது மேல்காற்றோடு மல்லுக்கட்டு, வரும்போது அதுவே முதுகில் கைவைத்துத் தள்ளும். ஆனால் கரைமேல் போகும்போது அதே காற்று ஏரியைத் தாண்டி நேராகப் பக்கவாட்டில் வரும், தடுக்க ஒன்றும் இருக்காது. ஆடிக்காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள், ஏழெட்டுக் கிலோ கார்பன் சைக்கிள் எம்மாத்திரம்? பக்கவாட்டில் ஆழமான ரிம் போட்ட வீலை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: போன மே மாதம் குடும்பத்தோடு வீராணம் போனோம். ஏரியில் தண்ணீரை விட மாடுகள்தான் அதிகம் தெரிந்தன. எந்த மாதத்தில் போக வேண்டும்? (சென்னை வாசகி)

பதில்: நீங்கள் சென்னை என்பதால் ஒன்று சொல்லலாமா? அந்த ஏரி வற்றுவதில் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் பங்கு உண்டு. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. ஏரியின் கொள்ளளவு 1.465 டி.எம்.சி.தான். பரப்பு பெரிது, ஆழம் குறைவு, அதனால் வெயிலில் சீக்கிரம் சுருங்கும். பேப்பரில் 47.50 அடி என்று போடுவது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம், அவ்வளவு ஆழம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்ல பழக்கம், 45-க்கு மேல் என்றால் தாராளமாகப் போகலாம்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து (வழக்கமான தேதி ஜூன் 12), அது கொள்ளிடம் வழியே அணைக்கரையிலுள்ள கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாற்றில் இறங்கி ஏரிக்குள் வரவேண்டும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. என்னைக் கேட்டால் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் பாதியும்தான். ஏரி நிறைந்திருக்கும், சம்பா பச்சை பாதி மஞ்சளாகியிருக்கும், நாரையும் நீர்க்காகமும் நிறைய இருக்கும். பொங்கல் தாண்டினால் அறுவடை. அதுவும் அழகுதான், ஆனால் சாலையில் பாதியை நெல்லும் வைக்கோலும் பிடித்துக்கொள்ளும். காயும் நெல்லின் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள், திட்டு வாங்குவீர்கள், வாங்க வேண்டியதுதான். வைக்கோல் இன்னும் மோசம், செயினில் சுற்றினால் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போய்வர ஆசை. நான்குவழிச் சாலையில் போகலாமா? அணைக்கரைப் பாலம் குறுகலானது என்று பயமுறுத்துகிறார்களே? (திருவிடைமருதூர் வாசகி)

பதில்: விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வேகமாகப் போகிறவர்களுக்கு, நமக்கு அங்கே வேலை இல்லை. சோழபுரம் (இது கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர், கங்கைகொண்ட சோழபுரம் வேறு), திருப்பனந்தாள் என்று ஊர்களுக்குள் போகும் பழைய சாலையைப் பிடியுங்கள். போக 35 கிலோமீட்டர் அளவில், வர அதே தூரம்.

பாலம் குறுகல்தான். அது அணையின் மேலேயே போகும் பாதை, 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை, லாரியை நினைத்துக் கட்டியதல்ல. கொள்ளிடம் அங்கே இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விட்டுப் போகிறது, ஆகவே ஒன்றல்ல, இரண்டு முறை கடப்பீர்கள். பாலத்தின் மேல் ஓரமாக ஒதுங்கி ஓட்டாதீர்கள், ஒதுங்கினால் பின்னால் வருகிறவர் முந்தப் பார்ப்பார். நடுவில் நிதானமாக ஓட்டுங்கள், அவர் காத்திருக்கட்டும். படம் எடுக்க வேண்டுமானால் தாண்டிய பிறகு நில்லுங்கள். ஆறு ஓடுகிறதா மணலாகக் கிடக்கிறதா என்பது மேலே எவ்வளவு திறந்தார்கள் என்பதைப் பொறுத்தது, ஆனால் அணைக்கு மேல்புறம் பெரும்பாலும் தண்ணீர் நிற்கும்.

கோயில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பதினொன்றுக்குள் போய்ச் சேருங்கள். கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பாமல் பொன்னேரி வரை போங்கள். ராஜேந்திரன் சோழகங்கம் என்று பெயர் வைத்து வெட்டிய ஏரி அதுதான். அங்கே கூட்டமே இருக்காது.

கேள்வி: கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் இதெல்லாம் முடியுமா? (சீர்காழி மாணவர்)

பதில்: முடியும் தம்பி. அந்தச் சாலைகளில் அந்தச் சைக்கிள்தான் காலங்காலமாக ஓடுகிறது. சீட்டை மட்டும் உயர்த்திக்கொள், பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். உனக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: பஞ்சர் ஆனால் எந்த ஊரிலும் ஒட்டித் தருவார்கள். ரோடு பைக்காரர்கள்தான் பாவம். அந்த மெல்லிய ப்ரெஸ்டா வால்வுக்குக் கடைப் பம்பு பொருந்தாது, 700சி ட்யூப் கிராமத்துக் கடையில் கிடைக்காது. அவர்கள் இரண்டு ட்யூப், கைப்பம்பு, ஒரு சின்ன அடாப்டர் எடுத்துக்கொண்டு போகவேண்டும், டயர் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 32. கரை ஓரத்தில் சீமைக் கருவேல முள் கிடக்கும், சேற்று உழவுக்கான இரும்புக் கேஜ் வீல் போட்ட டிராக்டர் ஏறி இறங்கிய இடங்களில் தார் வரிவரியாகப் பெயர்ந்திருக்கும்.

கேள்வி: பத்து வயதுப் பெண்ணோடு ஓட்ட ஒரு சின்னப் பாதை சொல்லுங்கள். (சிதம்பரம் வாசகர்)

பதில்: கிள்ளை வழியாகப் பிச்சாவரம். ஞாயிறு காலை சீக்கிரம் போனால் வண்டிகள் குறைவு. பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், நடுவில் ஒரு முறை இளநீருக்கு நிறுத்துங்கள். போய்ச் சேர்ந்ததும் படகில் ஏற்றிவிட்டால் கால்வலியை மறந்துவிடுவாள். திரும்பும்போது அடம்பிடித்தால் இரண்டு சைக்கிளையும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.