தீப்புண் க்ரீம் போட்டபின் மஞ்சளாகப் படிவது சீழா?

கொதிநீர் பட்ட கைக்கு 1% சில்வர் சல்ஃபாடயசின் (வெள்ளியும் சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி மருந்தும் சேர்ந்த க்ரீம்) போடுகிறீர்கள். மூன்றாம் நாள் புண்மேல் மஞ்சளாகப் படிந்திருக்கிறது, சீழா என்பது கேள்வி.

பெரும்பாலும் இல்லை. க்ரீமும் புண்ணில் கசியும் நீரும் கலந்து சாம்பல் மஞ்சளில் ஏடு கட்டும். துர்நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி, சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

பலர் தவறுவது, பழைய க்ரீம் மேலேயே புதியதை அப்புவதில்தான். மருந்து போடும் கையைக் கழுவிவிட்டு, புண்ணில் ஒட்டிய கட்டுத்துணியை நனைத்து எடுங்கள். சுத்தமான வெதுவெதுப்பான நீரில் பழைய க்ரீமை மெல்லக் கழுவுங்கள். விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் ஏட்டைச் சுரண்ட வேண்டாம். ஒற்றி உலர்த்தி, சுமார் 1.5 மி.மீ. கனத்துக்குப் பூசி, காஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். நாளுக்கு 1 அல்லது 2 முறை, டாக்டர் சொன்னபடி.

சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும், 2 மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கும் இது ஆகாது. முகத்திலும் தவிர்ப்பது நல்லது, வெள்ளி தோலைக் கருக்கச் செய்யலாம்.

தோல் சிவந்ததோடு நின்ற காயத்துக்கு இந்த க்ரீம் தேவையே இல்லை. புதுத்தோல் வளர்வதையும் இது தாமதப்படுத்தும். புண் இளஞ்சிவப்பாக மூடத் தொடங்கியதும், நிறுத்தலாமா என்று கேட்டுவிடுங்கள்.