அச்சில் ஒட்டும் ஈயக்குண்டு: எண்ணெய் எங்கே போடுவது?

கேள்வி: புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். ஓய்வு நாளில் சிலாங்கூர் ஆற்றில் தூண்டில் போடுவேன். அடியில் சிக்கிச் சிக்கி ஈயக்குண்டு நிறையப் போகிறது, வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் அலுமினிய அச்சு ஒன்றை இணையத்தில் வாங்கி நானே வார்க்கிறேன். குண்டு அச்சைவிட்டு வரவே மாட்டேன் என்கிறது. வந்தாலும் மேலெல்லாம் சுருக்கம். விற்றவரைக் கேட்டால் "உள்ளே எண்ணெய் அடிங்க" என்கிறார். துரு எடுக்கும் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன், புகைதான் வந்தது. நடுத்துளைக்குப் போடும் கம்பியும் இறுகிக்கொள்கிறது. எந்த எண்ணெய் வாங்குவது?

பதில்: எந்த எண்ணெயும் வாங்காதீர்கள். அந்தச் சுருக்கத்துக்கு நீங்கள் அடித்த ஸ்பிரேயே பெரிய காரணம். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். ஊற்றும்போது அதற்கும் மேலான சூட்டில் இருக்கும். குழிக்குள் இருக்கும் எண்ணெய் அந்தச் சூட்டில் ஆவியாகி, ஈயத்துக்கும் அச்சுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. ஈயம் ஓரம்வரை போய்ப் படிய முடியாமல் பாதியில் உறைகிறது. மிஞ்சிய எண்ணெய் கருகிப் பிசுக்காக ஒட்டும். அடுத்த குண்டு அந்தப் பிசுக்கில் பிடித்துக்கொள்ளும், நீங்கள் மறுபடி எண்ணெய் அடிப்பீர்கள். விற்றவர் சொன்னது உங்களை இந்தச் சுற்றில்தான் தள்ளியிருக்கிறது.

முதலில் அச்சைக் கழுவுங்கள். புது அச்சாக இருந்தாலும் கடைசல் வேலையில் பட்ட எண்ணெய் அதில் இருக்கும். பாத்திரச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டு, பழைய பல்துலக்கியால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தால் போதும். பிறகு நன்றாகக் காயவையுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: ஈரம் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. தண்ணீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு அகப்பட்டால் ஈயம் அப்படியே முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி இல்லாமல் ஈயம் ஊற்றவே ஊற்றாதீர்கள். மழை வரும்போல் இருந்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள்.

கழுவிக் காய்ந்த அச்சைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த அச்சில் ஊற்றினாலும் இதே சுருக்கம்தான் வரும். முதலில் வரும் சில குண்டுகள் அசிங்கமாகத்தான் இருக்கும். அவற்றைத் தனியே எடுத்துவைத்து அடுத்த முறை உருக்கிக்கொள்ளலாம். அச்சு சூடு பிடித்ததும் மேற்பரப்பு தானாக வழவழப்பாகும். சூடு மிஞ்சினால் குண்டு மங்கலாக, பனி படர்ந்த மாதிரி வரும். தூண்டிலுக்கு அதனால் கெடுதல் இல்லை.

அதற்குப் பிறகும் ஒட்டினால் கரிதான் மருந்து. குழியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடித்து மெல்லிய கரிப்படலம் ஏற்றுங்கள். மெழுகு படக் கூடாது, புகைக்கரி மட்டும். பூட்டுக்குப் போடும் கிராஃபைட் தூளை உலர்ந்த துணியில் தொட்டுத் தேய்த்தாலும் சரி. கனமாகப் பூசினால் குண்டின் அளவு குறையும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டுகிறதென்றால் அங்கே கூரான பிசிறு இருக்கும். விரலால் தடவினால் தெரியும். மிக நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தட்டிவிடுங்கள். ஒட்டிய குண்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் அலுமினியம் கீறிப்போகும், பிறகு அந்தக் கீறலே ஒட்டும் இடமாகும். மரக்கட்டையால் கீல் பக்கத்தில் தட்டினால் விழுந்துவிடும்.

அப்படியானால் எண்ணெய்க்கு வேலையே இல்லையா? உண்டு. கீலிலும், இரண்டு பாதியும் சேரும் முளைகளிலும். அங்கே இரும்பும் அலுமினியமும் உரசுகின்றன. சூடு தாங்கும் கிரீஸை ஈர்க்குச்சி நுனியில் தொட்டுவையுங்கள். சாதாரண எண்ணெயாக இருந்தால் சூட்டில் இளகிக் குழிக்குள் ஓடிவிடும்.

நடுக்கம்பி இறுகுவதற்குக் காரணம் வேறு. ஈயம் குளிரும்போது இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகச் சுருங்கும். முழுதாக ஆறவிட்டால் கம்பியை இறுக்கிப் பிடித்துவிடும். ஆகவே குண்டு உறைந்தவுடனே, சூடாக இருக்கும்போதே, இடுக்கியால் முறுக்கி இழுங்கள். ஊற்றுவதற்கு முன் பென்சிலால் கம்பி முழுக்கத் தீட்டிக்கொள்ளுங்கள். கம்பியை நீளவாக்கில் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றிவைத்தால் இன்னும் சுலபம்.

கேள்வி: அமெரிக்காக்காரர்கள் வார்த்த தோட்டாவுக்கு மெழுகு தடவி அளவு சரிசெய்வதைக் காணொளியில் பார்த்தேன். அந்த மெழுகை வாங்கினால் எனக்கு உதவுமா?

பதில்: உதவாது. அங்கே தோட்டாவைக் கொஞ்சம் பெரிதாக வார்த்து, ஆறிய பிறகு ஒரு வளையத்துக்குள் அழுத்தித் தள்ளி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். மெழுகு அந்த உரசலில் ஈயம் பிய்ந்து போகாமல் காக்கிறது, பிறகு குழலுக்குள்ளும் வேலை செய்கிறது. அதில் தேன்மெழுகு சேர்ப்பது பழைய வழக்கம். அது ஆறிய ஈயத்தின் மேல் பூசுவது. உங்கள் சிக்கல் உருகிய ஈயத்தில். மெழுகு குழிக்குள் போனால் எண்ணெய் செய்த அதே கெடுதலைச் செய்யும். தூண்டில் குண்டுக்கு அவ்வளவு துல்லியமும் வேண்டாம்.

இன்னொன்று. அந்தத் தோட்டா அச்சையோ அளவு வளையத்தையோ ஆசைக்குக்கூட இணையத்தில் வாங்காதீர்கள். இங்கே மலேசியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். மீன்பிடிக்கத்தான் வாங்கினேன் என்று காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: என் கணவர் குசினியில், சமையல் அடுப்பிலேயே பழைய பேட்டரி ஈயத்தை உருக்குகிறார். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். சொன்னால் "ஒண்ணும் ஆகாது" என்கிறார். (ஒரு வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. இரத்தத்தில் இந்த அளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல எந்த அளவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். புகையைவிடத் தூசும், மேலே மிதக்கும் கசடும் ஆபத்து. தரையில் விழும், கையில் ஒட்டும், பிள்ளை விரல் சூப்பும்போது உள்ளே போகும்.

பேட்டரி ஈயத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதில் அமிலம் இருக்கிறது, ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் கலந்திருக்கலாம். அதன் கசடு ஈரப்பட்டால் நச்சு வாயு வரக்கூடும். பழைய பேட்டரி 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது அபாயமானது என்று விதிகளில் பட்டியலிட்ட கழிவு. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே அதைக் கொடுத்துவிடலாம். உருக்கியே ஆக வேண்டுமென்றால் சுத்தமான ஈயம், வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடம், தனி அடுப்பு, தனிச் சட்டி, பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. கசடை மூடியுள்ள டின்னில் போட்டுவைக்க வேண்டும். உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். இதுவரை நடந்ததை நினைத்து மனம் உறுத்தினால் பிள்ளைகளை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போய், இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதிக்கக் கேளுங்கள். அவர் கோபித்தாலும் கேளுங்கள்.

ஆற்றில் அடிக்கடி அறுந்து போகும் குண்டுக்கு ஈயமே வேண்டும் என்பதில்லை. பழைய ஸ்பார்க் பிளக்கையும் பெரிய நட்டையும் கட்டி மீன்பிடிப்பவர்கள் எத்தனையோ பேர். பிரிட்டனில் 1987-லேயே 28 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்துவிட்டார்கள், அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால்.

கேள்வி: அச்சின் இரு பாதியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கடையில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதிப்போட்டிருக்கிறார்கள். என் காசு போனதுதானா?

பதில்: போகவில்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கடைக்காரர் எழுதிப்போடும் அட்டை அந்த உரிமையைப் பறிக்க முடியாது. முதலில் சரிசெய்து தரச் சொல்லுங்கள், எழுத்தில் கேளுங்கள். ரசீதையும் பொருந்தாத இடத்தின் படத்தையும் வைத்திருங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. அச்சைக் கையோடு எடுத்துப்போங்கள், தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று அதற்குள் அரம் போட்டுவிடாதீர்கள்.