போட்டோ எடுத்துப் பிழைக்க முடியுமா? குழித்துறை அம்மாவுக்கு ஒரு பதில்

போன ஞாயிற்றுக்கிழமை குமரி மாவட்டம் குழித்துறையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா கொத்தனார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் சீட்டுக்கு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க அப்பா தயார். வளைகுடாவில் இருக்கும் தாய்மாமன் தினமும் போனில், "அவ படிச்சு முடிக்கட்டும், விசாவ நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். பிள்ளைக்கோ காமிராதான் உயிர். "போட்டோ எடுத்து எப்படி சார் பிழைப்பா?" என்று கேட்டுவிட்டு அம்மா அழுதுவிட்டார்.

கவலைப்படாதீங்க என்று ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் தன் போனை நீட்டினாள். கொடியில் காயும் ரப்பர் ஷீட், பதினோரு படம். பத்து சுமார்தான். பதினோராவதில் ஷீட்டுக்குள் வெயில் நுழைந்து, அது முழுக்கத் தேன் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. "ஏழரைக்குத்தான் வெயில் ஷீட்டுக்குப் பின்னால வரும். மூணு நாள் காத்து நின்னேன்" என்றாள்.

அம்மா, அதைப் பார்த்த பிறகு எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

நர்சிங் பெரிய படிப்பு. அதனால்தான் மனமில்லாத பிள்ளையை அதில் தள்ளக்கூடாது என்கிறேன். நான்கு வருடப் படிப்பு, அப்புறம் ஆயுசு முழுக்க இரவுப் பணி. மாமன் விசா வாங்கித் தரலாம், ஆனால் வார்டில் நிற்கப் போவது அவர் இல்லை. கடன் கட்டப் போவதும் அவர் இல்லை.

பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று அப்பா கேட்டார். 1913-ல் பிறந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா புடவை கட்டிக்கொண்டே டெல்லியில் நேருவையும் மவுண்ட்பேட்டனையும் படம் எடுத்தார். 2011-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இந்தக் கேள்விக்கு அவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்.

சரி, வருமானத்துக்கு வருவோம். கல்யாணம், சினிமா என்று எல்லோரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் வாசலிலேயே ஒரு வேலை கிடக்கிறது: பொருட்களைப் படம் எடுப்பது.

மார்த்தாண்டம் தேனுக்கு, இந்த ஊர்ப் பொருள் என்று சொல்லும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் விற்பவர்களின் படத்தைப் பாருங்கள், தேன் டீ டிகாஷன் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. வெளிச்சம் முன்னாலிருந்து விழுவதுதான் காரணம். பாட்டிலைவிடக் கொஞ்சம் சின்னதாக, அதே வடிவத்தில் ஒரு வெள்ளை அட்டையை வெட்டி, பாட்டிலுக்குப் பின்னால் மறைவாகச் சாய்த்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை அதில் வாங்கித் திருப்பினால் தேன் உள்ளிருந்து ஒளிரும். ரப்பர் ஷீட்டில் உங்கள் மகள் யாரும் சொல்லிக் கொடுக்காமல் கண்டுபிடித்தது இதைத்தான்.

அடுத்தது கேரளத்தில் இருக்கும் பாலராமபுரம் கைத்தறி. குழித்துறையில் பாசஞ்சர் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டிப் போய் இறங்கலாம். உங்கள் மகளுக்கு மலையாளமும் தெரியும். கசவுப் புடவையை, அதாவது சரிகைக் கரை போட்ட வெளிர் புடவையை, படம் எடுப்பது லேசில்லை. வெளிர் துணியைக் காமிரா தானாகவே சாம்பலாக்கிவிடும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது காமிரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப்பாவது (இரண்டு மடங்கு) ஏற்ற வேண்டும். அளவு மீறி ஏற்றினால் கசவு வெள்ளைக் கோடாக வெளிறிவிடும். கசவு கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் பக்கவாட்டு வெளிச்சமாக்கினால் சரிகை பொன்னாக விழும். கிரே கார்டு என்ற சாம்பல் நிற அட்டையை வைத்து நிறத்தைச் சரிபார்க்காவிட்டால் சந்தன வெள்ளை பால்வெள்ளையாகிவிடும். வாங்கியவர் "கலர் வேற" என்று திருப்பி அனுப்புவார், அந்த நஷ்டம் கடைக்காரருக்கு. அதைத் தடுக்கத் தெரிந்தவருக்கு அவர் காசு கொடுப்பார். அமேசானில் விற்பவர்களுக்கு இன்னும் கறார்: முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும், மேலே எழுத்து கூடாது.

ஓணத்துக்கு முந்தைய கற்கடக மாதத்தில் இந்த வேலை குவியும். அது நமக்கு ஆடி, கல்யாண ஸ்டூடியோக்கள் பல சும்மா இருக்கும் மாதம். வேலையும் பகலில், ஒரு அறைக்குள். இரவு மண்டபத்தில் நிற்க வேண்டுமே என்ற உங்கள் பயத்துக்கு இங்கே இடமில்லை.

கணக்கு போடுவோம். ஒரு படத்துக்கு 100 ரூபாய், ஒரு கடைக்கு 40 படம் என்று வைத்தால் 4,000. மாதம் நான்கு கடை பிடித்தால் 16,000. அந்த நான்கு கடையைப் பிடிக்கவே ஒரு வருடம் ஆகலாம். அந்த ஒரு வருடம் அவளிடம் வீட்டுச் செலவுக்குக் கேட்காதீர்கள். அவளும் உங்களிடம் புதுக் காமிரா கேட்கக்கூடாது.

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் ஆறு மாதம் போனும் ஜன்னலும் போதும். அப்புறம் கைமாறிய காமிரா ஒன்று, 50 எம்எம் லென்ஸ், ஆடாத ட்ரைபாட், எல்லாம் சேர்த்து 40,000-க்குள். இ.எம்.ஐ. வேண்டவே வேண்டாம். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் போட்டோகிராபி கோர்ஸும் இப்போது வேண்டாம். பக்கத்துக் கல்லூரியில் பி.காம். சேரட்டும், பில் போடவாவது உதவும்.

மாநில எல்லை தாண்டி வேலை செய்தால் ஜிஎஸ்டி வருமா என்றார் அப்பா. இது சேவைத் தொழில். வருடத்துக்கு 20 லட்சம் தாண்டாதவரை, கேரளத்தில் வேலை செய்தாலும் பதிவு தேவையில்லை. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொன்று, மகளே, இது உனக்கு: காசு வாங்கி எடுத்துக் கொடுத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி கடைக்காரருக்குத்தான். மாதிரியாகக் காட்ட அனுமதி வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்.

பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அம்மா. வரும் சனிக்கிழமை இரண்டு பாட்டில் தேனும், உங்களிடம் இருந்தால் கசவுக் கரை போட்ட ஒரு செட் முண்டும் கொடுத்து அவளை அனுப்புங்கள். என் அறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஏழரைக்குள் வந்துவிடட்டும்.