உதடு ஒருவருடையது, குரல் ஒருவருடையது

அன்புள்ள சார்,

எங்கள் மாமா எண்பதுகளில் வாங்கிய போனி எம் என்ற பாப் குழுவின் கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது. ‘ரஸ்புதின்’ பாட்டு வந்தால் இந்த வயதிலும் எழுந்து அந்தக் குழுவின் பாபி ஃபாரல் மாதிரி ஆடுவார். போன வாரம்தான் தெரிந்தது, ரெக்கார்டில் கேட்கும் அந்த ஆண்குரல் பாபியுடையதே இல்லையாம். தயாரிப்பாளரே பாடிவிட்டு இவரை வாயசைக்க வைத்தாராம். ஏமாந்த மாதிரி இருக்கிறது. இது மோசடிதானே? மாமாவிடம் சொல்லலாமா, வேண்டாமா?

ஆர்., தூத்துக்குடி

அன்புள்ள ஆர்.,

உண்மைதான், பாபி பாடவில்லை. பாடியவர் ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மன்காரர். (அந்தப் பெயரும் பெற்றோர் வைத்தது இல்லை. அவர் பிறந்தது ஃபிரான்ஸ் ராய்ட்டராக.) 1975இல் அடிக்குரல், கள்ளக்குரல் இரண்டையும் தானே பாடி ஒரு பாட்டைப் பதிவுசெய்து, போனி எம் என்று பெயர் போட்டு வெளியிட்டார். அது ஓட ஆரம்பித்த பிறகுதான் மேடையில் நிற்க ஆள் தேடினார். முதலில் பெயர், அப்புறம் குழு. வந்து சேர்ந்த நால்வரும் கரீபியனில் பிறந்தவர்கள். லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவரும் ஜமைக்கா, மெய்சி வில்லியம்ஸ் மாண்ட்செராட், பாபி அருபா. ரெக்கார்டுகளில் கேட்பது லிஸ், மார்சியா, ஃபாரியன் குரல்கள். மெய்சியும் பாபியைப் போலத்தான்.

மோசடியா? டி.எம்.எஸ். குரலில் சிவாஜியைப் பார்த்து அழுத ஊர் நம்முடையது. வாயசைப்பு நமக்குப் பாவமே இல்லை. ஆனால் நம் படங்களில் ‘பின்னணி’ என்று பெயர் போட்டுவிடுகிறார்கள், கேட்பவருக்கும் கணக்கு தெரியும். ஃபாரியன் அந்தக் கணக்கைக் காட்டாமலே கடை நடத்தினார். மில்லி வனில்லி என்ற இரட்டையரை வைத்து மறுபடி அதையே செய்தபோது மாட்டிக்கொண்டார். 1990இல் அவர்களுக்குக் கொடுத்த கிராமி விருது பறிக்கப்பட்டது. அவமானமெல்லாம் வாயசைத்த அந்த இரண்டு பையன்கள் தலையில் விடிந்தது.

என்னைக் கேட்டால், நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. உங்கள் மாமாவின் கேசட்டில் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ இருக்கிறதா பாருங்கள். 1978இல் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு. அது இறங்க ஆரம்பித்ததும் வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பி, மறுபக்கத்தில் இருந்த ‘பிரவுன் கேர்ள் இன் த ரிங்’கைப் போட, அதே தட்டு மறுபடி இரண்டாம் இடம்வரை ஏறியது. அது கரீபியக் குழந்தைகள் வட்டமாக நின்று விளையாடும் பாட்டு.

‘ரிவர்ஸ்’ ஃபாரியன் கையில் பிறந்ததில்லை. 1970இல் ஜமைக்காவில் மெலோடியன்ஸ் என்ற குழு பாடியது. எழுதியவர்கள் பிரெண்ட் டோவும் ட்ரெவர் மெக்நாட்டனும். வரிகள் பெரும்பாலும் பைபிளின் 137ஆம் சங்கீதம்: சிறைபிடிக்கப்பட்ட யூதர்கள் பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொந்த ஊரை நினைத்து அழுகிறார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களோ, ‘எங்கே, ஒரு பாட்டுப் பாடுங்கள்’ என்கிறார்கள். அந்நிய மண்ணில் கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவோம் என்பது அவர்கள் கேள்வி. மெலோடியன்ஸ் அந்த இடத்தில் கைவைத்தார்கள். கர்த்தரை எடுத்துவிட்டு ‘கிங் ஆல்ஃபா’ என்று போட்டார்கள். ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி மதத்தவர்கள் கடவுளாக வணங்கிய எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசிதான் அந்த ஆல்ஃபா. பாபிலோன் என்றால் அவர்களுக்குத் தங்களை அடிமையாகக் கொண்டுவந்த உலகம் முழுவதும். ஒரே சொல்லில் பழைய அழுகை ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன் தெருவுக்கு வந்துவிட்டது.

ஃபாரியன் ‘கிங் ஆல்ஃபா’வை எடுத்துவிட்டுக் கர்த்தரையே திரும்ப வைத்தார். பைபிள்படி பார்த்தால் அதுதான் சரி என்று யாராவது வாதாடலாம், மறுக்க முடியாது. ஆனால் அந்த ஒரு சொல் போனதும் பாட்டு யாருடையது என்பதும் போய்விட்டது, மிச்சம் கைதட்ட வசதியான தாளம். தட்டில் எழுதியவர்கள் வரிசையில் டோவ், மெக்நாட்டனோடு ஃபாரியனும், ரேயம் என்ற இன்னொரு பெயரும் ஏறிக்கொண்டன. ரேயமை ஆங்கில எழுத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் மேயர். அவரும் ஜெர்மன்காரர்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாட்டு தொடங்கும்போது வார்த்தைக்கு முன்னால் வாய் மூடிய ஒரு முனகல் வரும். அதன்மேல் லிஸ் குரல் ஏறும் இடத்தில் இதையெல்லாம் நான் மறந்துவிடுகிறேன். அவர் ஜமைக்காவில் பிறந்து சின்ன வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். அந்நிய மண் என்று அவர் பாடும்போது எந்தத் தயாரிப்பாளரும் எழுதிக்கொடுத்ததாகத் தோன்றுவதில்லை.

பாபிக்கு வருகிறேன். 1978 டிசம்பரில் குழு மாஸ்கோவுக்குப் போனது. அங்கே எல்லாம் பாடினார்கள், ‘ரஸ்புதின்’ மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 2010 டிசம்பர் 30 அன்று, முந்தின இரவு மேடையேறி ஆடிவிட்டு வந்த பாபி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஓட்டல் அறையில் இறந்துகிடந்தார். வயது 61. அந்தப் பாட்டின் நாயகன், ரஷ்ய ஜார் குடும்பத்துக்கு நெருக்கமான சாமியார் ரஸ்புதின் கொல்லப்பட்டதும் அதே ஊரில், 1916இல், அதே டிசம்பர் 30.

மாமாவிடம் சொல்லுங்கள். அவர் முப்பது நாற்பது வருடமாகக் காப்பியடிப்பது பாபியின் ஆட்டத்தை. அது முழுக்க முழுக்க பாபியுடையதுதான். சொல்லும்போது மெலோடியன்ஸின் 1970 பதிவையும் தேடிப் போட்டுக் காட்டுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.